நீரைத் தூய்மை செய்யும் முறை எவருடைய உடைமை?

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் அரண்மனையிலிருந்து தொடங்கி எழுதுவது வழக்கம். அதன் சாக்கடையிலிருந்து தொடங்கியும் எழுதலாம். அரண்மனையில் வாழ்ந்தோர் சிலர். சாக்கடையின் நிலையைப் பொறுத்து வாழ்ந்தோரும் மாண்டோரும் பல்லாயிரவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு நகரங்கள் பெருகியபோது, வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் அவற்றைச் சூறையாடின. கழிவுநீர் குடிநீரோடு கலப்பதனால் அந்நோய்கள் பரவுகின்றன என்று அறிஞர் தெளிந்தபின், நீரைத் தூய்மை செய்யும் வழிகளைத் தேடுவது நகராட்சிகளின் தலையாய கடமையாயிற்று.

வழிகள் கிடைத்தன. ஆயின் வழியைக் கண்டவர்கள் அதற்கு விலை கேட்டனர். அந்த விலையைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா, எத்தனை ஆண்டுக் காலம் கேட்கலாம், கொடுக்க மறுத்த நகரத்தை என்ன செய்யலாம் என்னும் வினாக்கள் நீதிமன்றம் ஏறின. 1908-ஆம் ஆண்டு தொடங்கி 1992-ஆம் ஆண்டு வரை அமெரிக்க நாட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்த அத்தகைய வழக்குகளுள் ஐந்தினை ஈண்டு எடுத்து நோக்குவோம். சட்டம் பயின்றவர்க்கே உரிய செய்தி இது என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. வீட்டுக் குழாயைத் திறக்கும் ஒவ்வொருவரும் இதில் பங்குடையவரே.

திறந்த மடல்

ஆங்கிலத்தில் 'பேட்டண்ட்' என வழங்குவதைத் தமிழில் காப்புரிமை என்கிறோம். தமிழ்ச்சொல் காத்தலைச் சுட்டுகிறது. மூலச்சொல்லோ திறத்தலைச் சுட்டுவது. இலத்தீன் மொழியில் அதன் வேருக்குத் 'திறந்திருத்தல்' என்பது பொருள். அரசர் விடுக்கும் ஆணைகளுள் சில, மூடி முத்திரையிடப் பெறாமல், யாவரும் படிக்குமாறு திறந்தபடியே விடுக்கப்பெற்றன. அவற்றுக்குத் 'திறந்த மடல்' என்று பெயர். புதுத்தொழில் கொணர்ந்தவருக்குத் தனியுரிமை வழங்கியதும் அத்தகைய மடலினாலேயே. காலப்போக்கில் 'திறந்த' என்னும் அடைமொழியே அவ்வுரிமைக்குப் பெயராகி நிலைத்தது.

இச்சொல் வரலாற்றில் ஓர் உடன்படிக்கை அடங்கியிருக்கிறது. புதியதொன்றைக் கண்டவர் அதன் முழு விவரத்தையும் ஒளிக்காமல் உலகிற்குத் திறந்து காட்டவேண்டும். அதற்கு ஈடாக, குறித்த சில ஆண்டுகள் வரை அவர் இசைவின்றி வேறெவரும் அதனைக் கையாளலாகாது என்று நாடு அவருக்கு உறுதியளிக்கும். 1624-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிறைவேறிய தனியுரிமைச் சட்டம் அக்காலத்தை 14 ஆண்டு என வரையறுத்தது. ஒரு தொழிலைக் கற்கும் மாணாக்கன் ஆசானிடம் ஏழாண்டு இருப்பது அந்நாளைய வழக்கம். இரண்டு தலைமுறை மாணாக்கர் தேறும் காலமே அப்பதினான்கு ஆண்டு என்பர். காலம் முடிந்தபின் கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாகிவிடும்.

உரிமையுடையவர் பிறருக்குக் கட்டணம் பெற்று இசைவளிப்பதே உரிமம். துணியாலைக்கும் தையல் எந்திரத்துக்கும் இவ்வேற்பாடு எளிதாகப் பொருந்திற்று. விலை மிகுதி என்று தோன்றினால் வணிகர் அப்பொறியை வாங்காமலே இருந்துவிடலாம். கழிவுநீரைத் தூய்மை செய்யவேண்டிய நகரத்துக்கு அவ்விடுதலை இல்லை. இடர்ப்பாடு இங்கேதான் தொடங்கியது.

எக்சிட்டர் நகரத்துத் தொட்டி

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள எக்சிட்டர் நகரத்தில் டொனால்ட் கேமரன் என்பவர் நகர அளவையாளராகப் பணியாற்றினார். கழிவுநீரைக் காற்றும் ஒளியும் புகாத மூடிய தொட்டியில் மெல்ல ஓடச்செய்தால், காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள திண்பொருளைக் கரைத்து நீராகவும் ஆவியாகவும் மாற்றிவிடும் என்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாளிட்ட பிரிட்டிஷ் காப்புரிமை அவருக்குக் கிட்டியது. இன்றும் நம் வீடுகளில் 'செப்டிக் டேங்க்' என்று வழங்கும் பெயர் அவர் இட்டதேயாகும். எக்சிட்டரில் அத்தொட்டியிலிருந்து எழுந்த ஆவியைக் கொண்டே விளக்கெரித்துக் காட்டியதும் உண்டு.

1899-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் கேமரனின் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமையும் வழங்கப்பெற்றது. அந்நாட்டில் அதனைக் கையாள ஒரு கும்பினி தோன்றிற்று. செப்டிக் தொட்டி கட்டியிருந்த ஊர்களிடமெல்லாம் அது உரிமைத்தொகை கேட்டது. ஊர்களோ திகைத்தன. கழிவுப்பொருள் அழுகிக் கரைவது இயற்கையின் செயல். உலகம் தோன்றிய நாள் முதல் நடைபெறுவது. இதற்கு ஒருவர் உரிமை கொண்டாடலாமா என்று கேட்டன. கேமரனுக்கு முன்பே, 1881-ஆம் ஆண்டளவில், பிரான்சு நாட்டில் லூயி மூரா என்பவரின் மூடிய தொட்டியைப் பற்றி இதழ்கள் எழுதியிருந்தன என்பதையும் அவை மறக்கவில்லை.

நியூயார்க் மாநிலத்துச் சரட்டோகா ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரின்மீது அக்கும்பினி வழக்குத் தொடர்ந்தது. கீழ் நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. ஆயின் 1908-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், தூய்மை செய்யும் முறை பற்றிய உரிமைக்கோரல்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இயற்கை விதி எவருக்கும் உடைமையாகாது. அவ்விதியைக் குறித்தவொரு பயன் விளையுமாறு ஒழுங்குபடுத்தி வேலைவாங்கும் வழி உடைமையாகலாம் என்பதே அத்தீர்ப்பினால் பெறப்படும் கருத்து. காற்று எவருக்கும் உரியதன்று. காற்றாலை அதைக் கட்டியவருக்கு உரியது என்று நம் மாணவர்களுக்கு இதனை விளக்கலாம்.

ஏழாண்டு வேற்றுமை

இத்தீர்ப்புக்குப் பின் அமெரிக்க ஊர்கள் பல அச்சமுற்றன. தனித்தனியே நின்றால் வழக்குச் செலவைத் தாங்க இயலாது என்றெண்ணி, அவை ஒன்றுகூடிப் பாதுகாப்புக் கூட்டமைப்பொன்றை ஏற்படுத்திக்கொண்டன. அறிவியல் வாதத்தில் தோற்றவர்களுக்கு நாட்காட்டியில் வெற்றி காத்திருந்தது.

அக்கால அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டு. அக்கணக்கின்படி கேமரனின் உரிமை 1916-ஆம் ஆண்டு அக்டோபர் வரை நிலைக்கவேண்டும். ஆயின் அச்சட்டத்தில் வேறொரு விதியும் இருந்தது. ஒரு கண்டுபிடிப்புக்கு முதலில் அயல்நாட்டில் காப்புரிமை பெற்றிருந்தால், அயல்நாட்டு உரிமை முடியும் நாளிலேயே அமெரிக்க உரிமையும் முடிந்துவிடும் என்பதே அது. பிரிட்டிஷ் உரிமையின் 14 ஆண்டு 1909-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் முடிந்தது. ஆகவே அன்றே அமெரிக்க உரிமையும் இறந்துபட்டது என்று அயோவா மாநிலத்து நாக்ஸ்வில் நகரம் வாதிட்டது.

கும்பினி விடவில்லை. 1900-ஆம் ஆண்டு பிரசெல்சு நகரில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, ஒரு நாட்டின் காப்புரிமை மற்றொரு நாட்டின் காப்புரிமையைச் சார்ந்திராது என்று கூறுகிறதே என எதிர்வாதம் எழுப்பியது. 1913-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்க உச்சநீதிமன்றம் முடிவு கூறியது. அவ்வுடன்படிக்கை தானாகவே உள்நாட்டுச் சட்டத்தை மாற்றிவிடாது; அதனைச் செயற்படுத்தத் தக்க சட்டத்தைப் பேரவை இயற்றவில்லை; ஆதலின் பழைய விதியே செல்லும் என்றது. கேமரனின் உரிமை 1909-ஆம் ஆண்டோடு முடிந்தது என்பது உறுதியாயிற்று.

ஏழாண்டு என்பது சிறிய காலமாகத் தோன்றலாம். நாடெங்கும் ஊர்கள் தோறும் தொட்டிகள் கட்டிக்கொண்டிருந்த அக்காலத்தில் அது பெருங்காலம். தொட்டியின் அறிவியலை மறுத்து மீளாத ஊர்கள், உரிமையின் கால அளவைப் படித்து மீண்டன. இதற்கிடையே, செருமனியில் கார்ல் இம்ஹாப் என்னும் பொறியாளர் 1906-ஆம் ஆண்டு ஈரடுக்குத் தொட்டியொன்றை அமைத்தார். அமெரிக்க ஊர்கள் பல அதனை நாடின. அதற்கும் காப்புரிமை இருந்தது. அதற்கும் உரிமைத்தொகை கொடுக்கவேண்டியிருந்தது.

மான்செஸ்டர் போத்தல்கள்

செப்டிக் தொட்டி கழிவை ஓரளவே தூய்மை செய்தது. அதனினும் சிறந்த முறை மான்செஸ்டர் நகரத்தில் பிறந்தது. கழிவுநீருள் காற்றைச் செலுத்தித் தூய்மை செய்யும் முயற்சி 1882-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அதனால் விளைந்த பயன் மிகக் குறைவு. 1912-ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரத்தின் அறிவுரைஞரான வேதியியலறிஞர் கில்பர்ட் பவுலர் அமெரிக்கா சென்றபோது, மாசசூசெட்சு மாநிலத்து லாரன்சு ஆய்வு நிலையத்தில் நடந்த காற்றூட்டும் சோதனைகளைக் கண்டார். திரும்பி வந்து, டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்தில் பணியாற்றிய எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் ஆகிய இருவரையும் அத்துறையில் ஆராயத் தூண்டினார்.

அவ்விருவர் செய்தது எளிய செயல். போத்தலில் கழிவுநீரை நிரப்பிக் காற்றைச் செலுத்தினர். அது முற்றும் தூய்மையாக ஏறத்தாழ ஐந்து வாரம் பிடித்தது. பிறர் இந்த இடத்தில் தெளிந்த நீரோடு அடியில் தங்கிய கசட்டையும் கொட்டிவிடுவர். இவர்கள் நீரை மட்டும் வடித்துவிட்டுக் கசட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றினர். மீண்டும் வடித்தனர், மீண்டும் ஊற்றினர். ஒவ்வொரு முறையும் காலம் குறைந்துகொண்டே வந்தது. இறுதியில் ஒருநாள் பொழுதுக்குள், பின்னர்ச் சில மணி நேரத்துக்குள், நீர் தெளிந்தது. கசடெனப்பட்டது உண்மையில் கோடானுகோடி நுண்ணுயிர்களின் திரள். முந்திய தயிரின் உறைமோர் அடுத்த பாலை விரைந்து தயிராக்குவது போன்றது இது. அக்கசட்டுக்கு 'உயிர்ப்பூட்டிய கசடு' என்னும் பொருள்படப் பெயரிட்டு, 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் மான்செஸ்டரில் நடந்த வேதித்தொழிற் கழகக் கூட்டத்தில் தம் கட்டுரையைப் படித்தனர்.

கட்டுரை படித்தவர்கள் ஆர்டெர்னும் லாக்கெட்டும். காப்புரிமை பெற்றவர் வேறொருவர். ஸ்டூர்பிரிட்ஜ் நகரத்தில் ஜோன்ஸ் அண்ட் அட்வுட் என்னும் பொறித்தொழிற் கும்பினியை நடத்திய வால்ட்டர் ஜோன்ஸ், காற்றூட்டும் தொட்டிகளையும் கசட்டைத் திரும்பச் செலுத்தும் ஏற்பாட்டையும் அமைத்து, 1913-ஆம் ஆண்டு முதல் காப்புரிமைகளுக்கு விண்ணப்பித்து வந்தார். அவ்வுரிமைகளைக் கையாள அக்கசட்டின் பெயராலேயே ஒரு கும்பினியும் எழுந்தது. போத்தலில் கண்ட உண்மையைப் பெருந்தொட்டியில் நிறைவேற்றிக் காட்டுவதும் அறிவின் வேலையே என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், நகரத்தார் வரிப்பணத்தில் நடந்த ஆய்வு ஒருபுறமும், தனியார் கையில் சேர்ந்த உரிமை மறுபுறமுமாக நின்ற இந்நிலையை வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். இது பின்னரும் வரும்.

இவ்வரலாற்றில் நமக்கு அண்மையான செய்தி ஒன்றுண்டு. பவுலர் 1916-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். மான்செஸ்டர் முறையின் அறிவு இவ்வாறு அவரோடு தென்னிந்தியாவுக்கும் வந்தது.

மில்வாக்கி வழக்கு

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்தது மில்வாக்கி நகரம். அந்நகரத்தார் குடிநீர் எடுத்ததும் அவ்வேரியில். கழிவுநீரை விட்டதும் அவ்வேரியிலேயே. குடற்காய்ச்சல் அவர்களை விடாது பற்றியதில் வியப்பில்லை. 1915-ஆம் ஆண்டிலேயே அவர்கள் மான்செஸ்டர் முறையைச் சோதிக்கத் தொடங்கினர். பத்தாண்டு உழைப்புக்குப் பின், 1925-ஆம் ஆண்டு, ஜோன்ஸ் தீவு என்னும் இடத்தில் பெரிய நிலையமொன்று இயங்கலாயிற்று. (அவ்விடத்தின் பெயருக்கும் வால்ட்டர் ஜோன்சுக்கும் தொடர்பில்லை.) மிஞ்சிய கசட்டை உலர்த்தி 1926-ஆம் ஆண்டு முதல் உரமாகவும் விற்றனர். அதற்கு மில்லார்கனைட் என்று பெயர்.

உரிமம் பெறாமல் தம் முறையைக் கையாண்டதாக, காப்புரிமைக் கும்பினி மில்வாக்கி நகரத்தின்மீது வழக்குத் தொடுத்தது. சிகாகோ வட்டாரத்துக் கழிவுநீர் ஆணையத்தின்மீதும் அவ்வாறே வழக்கு எழுந்தது. நகரத்தார் இரண்டு அரண்களை நாடினர். காற்றூட்டும் முறை பழையது, புதுமை இல்லை என்பது ஒன்று. நாங்கள் இலாபம் கருதும் வணிகர் அல்லர், மக்கள் நலத்தைக் காக்கும் அரசுப்பணியே செய்கிறோம், ஆதலின் எங்கள்மீது வழக்குச் செல்லாது என்பது மற்றொன்று.

இரண்டும் ஏற்கப்படவில்லை. காற்றூட்டியது பழையதாயினும், கசட்டைத் தக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய இணைப்புப் புதியது என்று நீதிமன்றம் கருதியது. நற்பணி செய்பவராயினும் பிறர் உடைமையை எடுத்தாண்டால் ஈடு தரவேண்டும் என்றது. கீழ் நீதிமன்றம் அதனோடு நில்லாது, நகரம் அம்முறையைக் கையாளலாகாது என்று தடையாணையும் பிறப்பித்தது. வழக்கமான காப்புரிமை வழக்கில் தடையாணை இயல்பாகவே பின்தொடரும் ஒன்று. ஆயின் இங்கு அதன் பொருள் என்ன? பல நூறாயிரம் மக்களின் கழிவுநீர் அன்றே, தூய்மை செய்யப்படாமல், அவர்கள் குடிக்கும் ஏரியிற் சென்று விழும் என்பதேயாகும்.

1934-ஆம் ஆண்டு சிகாகோவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்வழக்கை ஆராய்ந்தது. நகரம் உரிமையை மீறியது என்னும் முடிவை அது உறுதி செய்தது. தடையாணையை மட்டும் நீக்கிவிட்டது. நிலையத்தை மூடினால் ஏரி மாசடைந்து, அந்நகரத்தாரும் அண்டை ஊராரும் நோயுற்று உயிரிழக்க நேரும். பணத்தால் ஈடுசெய்யத்தக்க இழப்புக்காக அத்தகைய கேட்டை விளைவிக்கலாகாது என்று கூறியது. அதே ஆண்டு உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஈட்டுத்தொகைக் கணக்கு அதன்பின் நெடுங்காலம் நடந்தது. முடிவில் மில்வாக்கி நகரம் பல இலட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. சிகாகோ வழக்கு 1940-களிலும் நீடித்தது.

எந்தப் பக்கம் வென்றது என்று கேட்பின், விடை கூறுவது எளிதன்று. கும்பினிக்குப் பணம் கிடைத்தது. நிலையத்தை மூடும் ஆற்றல் கிடைக்கவில்லை. நகரத்துக்கு நிலையம் நிலைத்தது, பொருட்செலவு தப்பவில்லை. உடைமையாளனுக்கு உரியது ஈடு; உயிரைப் பணயம் வைக்கும் உரிமை அவனுக்கில்லை என்னும் கோடு அன்று வரையப்பட்டது. காப்புரிமை மீறல் நிறுவப்பட்டால் தடையாணை தானாகவே வந்துவிடாது. பொதுநலத்தையும் எடைபோடவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில் பொதுவிதி வகுத்தது. பொதுநலம் கருதித் தடையாணை மறுக்கப்பட்டதற்குச் சட்டநூல்களில் எடுத்துக்காட்டாக நிற்பது மில்வாக்கி நகரத்தின் கழிவுநீரே.

மடலைத் திறவாதவர்

மில்வாக்கி வழக்கு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், நீரை மென்மையாக்கும் முறை பற்றியும் வழக்குகள் நடந்தன. சுண்ணச்சத்து மிகுந்த கடினநீரில் சவர்க்காரம் நுரைக்காது; கொதிகலனில் பொருக்குப் படியும். ராபர்ட் கான்ஸ் என்னும் செருமானிய வேதியியலறிஞர், சியோலைட் என்னும் பொருளின் ஊடே நீரைச் செலுத்தி அக்கடினத்தைப் போக்கும் வழி கண்டார். பொருள் தளர்ந்தபின் உப்புநீரைச் செலுத்தினால் மீண்டும் வலுப்பெறும். 1916-ஆம் ஆண்டு அக்கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பெற்றது. பெர்முட்டிட் என்னும் கும்பினி அதனைக் கொண்டு பிறர்மீது வழக்காடியது. 1922-ஆம் ஆண்டு நியூயார்க்கில் அதற்கு வெற்றி கிடைத்தது. பின்னர் வேறு வட்டார நீதிமன்றங்களில் தோல்வி நேர்ந்தது.

1931-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் கிராவர் என்னும் கும்பினிமீது தொடுத்த வழக்கில் தீர்ப்புக் கூறியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிராண்டைஸ். சியோலைட்டுப் படுகை மேலே அழுத்தி அடைக்கப்பெறாமல் தளர்வாகக் கிடப்பதே தன் கண்டுபிடிப்பின் உயிர்நிலை என்று பெர்முட்டிட் கும்பினி வாதிட்டது. அவ்வாறாயின் அதனைக் காப்புரிமை ஆவணத்தில் ஏன் விளக்கமாக எழுதவில்லை என்பதே நீதிமன்றத்தின் கேள்வி. எழுதாத ஒன்றுக்கு உரிமை கொண்டாட இயலாது. எழுதியிருப்பினும் அது புதுக்கண்டுபிடிப்பு எனத்தக்கதன்று என்று கூறி, அவ்வுரிமைக்கோரல்களைச் செல்லாதனவாக்கியது. திறந்து காட்டாத மடலுக்குத் திறந்த மடலின் பயன் இல்லை என்பது இவ்வழக்கின் பாடம்.

சவ்வும் அரசுப் பணமும்

நம் காலத்துக்கு நெருங்கிவந்தால், கழிவுநீரையும் கடல்நீரையும் குடிநீராக்கும் சவ்வு வழக்கைக் காண்கிறோம். மிக மெல்லிய சவ்வின் ஊடே நீரை அழுத்திச் செலுத்தினால், நீர் மட்டும் கடந்து உப்பும் மாசும் பின்தங்கும். எதிர்ச்சவ்வூடு பரவல் எனப் பாடநூல்கள் இதனைக் குறிக்கின்றன. ஜான் கடோட் என்னும் அறிஞர், அமெரிக்க அரசின் பொருளுதவியோடு நடந்த ஆய்வில், ஓர் ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிந்தார். பின்னர் அதனைவிட்டு, பிலிம்டெக் என்னும் கும்பினியை நிறுவியவர்களுள் ஒருவரானார். மிகச் சிறந்த புதுச்சவ்வு ஒன்றுக்கு அவர் பெயரில் 1981-ஆம் ஆண்டு காப்புரிமை வழங்கப்பெற்றது. உரிமை பிலிம்டெக்கிடம் சேர்ந்தது.

அச்சவ்வைப் போன்றதொன்றைச் செய்த ஹைட்ரனாட்டிக்ஸ் கும்பினிமீது பிலிம்டெக் வழக்குத் தொடுத்துக் கீழ் நீதிமன்றத்தில் வென்றது. மேல்முறையீட்டில் எழுந்த வினா, சவ்வைப் பற்றியதாக இல்லை. ஆய்வு ஒப்பந்தத்தைப் பற்றியதாக இருந்தது. கண்டுபிடிப்பு உருப்பெற்ற நாளில் கடோட் யாருடைய பணத்தில் உழைத்துக்கொண்டிருந்தார்? ஆய்வகக் குறிப்பேடுகள் புரட்டிப் பார்க்கப்பட்டன. அரசு ஒப்பந்தக் காலத்திலேயே அது உருப்பெற்றுவிட்டது என்று 1992-ஆம் ஆண்டு நீதிமன்றம் முடிவு செய்தது. உவர்நீரை நன்னீராக்கும் ஆய்வுக்கென இயற்றப்பெற்ற சட்டத்தின்படியும் ஒப்பந்தத்தின்படியும், அக்கண்டுபிடிப்பு அமெரிக்க அரசுக்கே உரியது. ஆகவே வழக்காடும் தகுதியே பிலிம்டெக்கிற்கு இல்லாமற் போயிற்று.

மான்செஸ்டரில் 1914-ஆம் ஆண்டு எவரும் வலியுறுத்தாத ஒன்றை இவ்வழக்கில் சட்டம் வலியுறுத்தியது. மக்கள் பணம் கொடுத்து ஆராய்ந்தால், ஆய்வின் விளைவு யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவேண்டும் என்பதே அது. எழுதி வைத்தமையால் மக்களின் உரிமை பதினைந்து ஆண்டு கழித்தும் மீட்கத்தக்கதாயிற்று.

நாம் கொள்ளத்தக்கது

ஐந்து வழக்குகளும் ஐந்து வினாக்களுக்கு விடை தந்தன. இயற்கையின் செயலை ஒழுங்குபடுத்தும் வழிக்கு உரிமை உண்டு என்றது சரட்டோகா. அவ்வுரிமை சட்டம் குறித்த நாளோடு முடியும், ஒரு நாளும் கூடாது என்றது நாக்ஸ்வில். உரிமைக்கு ஈடு உண்டு, ஆனால் ஊரின் உயிர்நாடியை நிறுத்தும் ஆற்றல் இல்லை என்றது மில்வாக்கி. திறந்து காட்டாததற்கு உரிமை இல்லை என்றது பெர்முட்டிட். மக்கள் பணத்தில் பிறந்தது மக்களுக்குரியதென எழுதியிருந்தால் அவ்வெழுத்தே வெல்லும் என்றது பிலிம்டெக்.

கண்டுபிடிப்பாளரைப் பகைவராகக் கருதுவது தவறு. கேமரனும் கான்சும் கடோட்டும் உழைத்திராவிடில் வழக்காடுவதற்கு ஒன்றும் இருந்திராது, நோய்தான் இருந்திருக்கும். அவர்களுக்கு உரிய பரிசைக் கொடுப்பது முறையே. அப்பரிசுக்கு அளவு உண்டு என்பதை உணர்ந்து நிற்பதும் முறையே. அளவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. அதனைப் படித்தறிந்த ஊர்கள் மீண்டன; படிக்காத ஊர்கள் கொடுத்தன.

நீருக்கு அயலாரையும் வானத்தையும் எதிர்பார்த்துப் பழகிய சிங்கப்பூர், 2003-ஆம் ஆண்டு முதல் கழிவுநீரைத் தூய்மை செய்து 'நியூவாட்டர்' என்னும் பெயரில் பயன்படுத்தி வருகிறது. அதன் பின்னணியில் நுண்ணுயிர்க் கசடும் இருக்கிறது. எதிர்ச்சவ்வூடு பரவலும் இருக்கிறது. மான்செஸ்டர் போத்தலும் கடோட்டின் குறிப்பேடும் இவ்வாறு நம் வீட்டுக்கு அண்மையில் வந்து சேர்ந்திருக்கின்றன. அறிவியல் பாடத்தில் நீர்த் தூய்மையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், வடிகட்டி, சவ்வு, நுண்ணுயிர் ஆகியவற்றோடு இவ்வழக்குகளில் ஒன்றையேனும் மாணவர்க்குச் சொல்வார்களாயின், குழாயில் வரும் ஒரு குவளை நீருக்குள் வேதியியலோடு நீதியும் கரைந்திருக்கிறது என்பதை அவர்கள் இளமையிலேயே அறிந்துகொள்வர்.